வங்காள விரிகுடாவை வலம் வரப் போன கதை

எங்கள் ஊரில் யாரும் வழி தவற முடியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான் சொல்கிறேன்). திருவண்ணாமலையில் எந்தச் சந்தில் நின்று தலையைத் தூக்கினாலும் மலை தெரியும். அதை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். செங்கம் ரோட்டில் நான்கு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் நான். வந்தவர் பிரான்ஸானாலும் பீகாரானாலும் நான் சொல்லும் வழி இந்த ஒன்றுதான். இன்றுவரை ஒருவரும் காணாமல் போனதில்லை.

அப்பேர்ப்பட்ட நான் புதுச்சேரியில் தொலைந்துபோனேன். தனியாகக்கூட இல்லை. அப்பா, அம்மா, தாய்மாமன் மூன்று பேரையும் சேர்த்துத் தொலைத்தேன். அதுவும் தங்கையின் கல்யாணத்தை உறுதி செய்யப் போன அன்றைக்கு!

தங்கை வனிதா அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த பிரபுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். பையனுக்குப் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று அர்த்தம். வனிதா அழுது, சாப்பிடாமல் கிடந்து, அம்மாவைப் பிடித்து, என்னைப் பிடித்து, கடைசியில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிவிட்டோம். அப்போதும் சரி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூ, பழம், வெற்றிலைத் தட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "லேட்டா வர்றவங்களைக் கண்டா எங்கம்மாவுக்கு ஆவாதுக்கா, கொஞ்சம் பாத்து வந்துடுங்க" என்று பிரபுவே என்னிடம் போனில் கெஞ்சியிருந்தான். கிளம்பும்போது வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எதுனா ஒரு சாக்கு கெடைச்சா அப்பா அப்படியே திரும்பி வந்துடுவாரு. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"நான் இருக்கேன்ல? நீ போய் ஜாக்கெட் தைக்கக் குடுக்கற வேலையைப் பாரு" என்றேன்.

நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது. ஆனால் காலை பத்து மணிக்கெல்லாம் புதுச்சேரிக்குள் நுழைந்துவிட்டோம். "பொண்ணு குடுக்கற ஊரு, சுத்திப் பாக்க வேணாமா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். என்னிடம் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அடுத்து புதுச்சேரிக்குத்தான் போவார்கள். அங்கே எதைப் பார்க்கணும், எங்கே சாப்பிடணும் என்று அவர்களுக்கே பாடம் எடுப்பவள் நான் (அதுவரைக்கும் அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நான் போனதில்லை என்பது வேறு விஷயம்).

கடற்கரைச் சாலையின் ஓரமாக டிரைவர் ஏழுமலை வேனை நிறுத்தினான். முதலில் மணக்குள விநாயகர். "கோயிலுக்குத்தானே போறோம், செருப்பை வேன்லயே உடுங்க" என்று உத்தரவு போட்டேன். மாதம் தவறாமல் மலை சுற்றுகிற எங்களுக்கு வெறுங்காலெல்லாம் ஒரு விஷயமா? தட்டுகளும் செருப்புகளும் வேனிலேயே இருந்தன.

கோயில் முடிந்ததும் வேனுக்குத் திரும்பாமல் அப்படியே பிரெஞ்சுக்காரர் தெருக்களுக்குள் கூட்டிப்போனேன். மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒவ்வொருவரையாக நிற்கவைத்துப் படம் எடுத்தேன். "ஏன்டி, எல்லா ஊட்டுக்கும் ஒரே டப்பா பெயின்ட்டையே அடிச்சிருக்காங்க?" என்று அம்மா கேட்டாள். ஒரு கடையில் பிறை வடிவத்தில் பிரெஞ்சு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். மாமா பிய்த்துப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தி, மாவு கம்மி" என்று தீர்ப்பு சொன்னார். அப்பா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலும் பட்டுக்கொள்ளாமல் வந்தார்.

சாப்பாடு முடித்து, பழைய சர்ச், பழைய கட்டடம் எல்லாம் பார்த்து, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று.

"வேன் எந்தப் பக்கம்மா?" என்றார் அப்பா.

இடப்பக்கம் பார்த்தேன். கருங்கல், கடல், வெள்ளைக் கட்டடம். வலப்பக்கம் பார்த்தேன். அதே கருங்கல், அதே கடல், அதே வெள்ளைக் கட்டடம். பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கினேன். மேலே ஒரு காக்கா பறந்தது. டிரைவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான்கு எட்டு தள்ளி நின்ற போலீஸ்காரரைக் கேட்டிருக்கலாம். ஊருக்கே வழி சொல்கிறவள் இன்னொருவரிடம் வழி கேட்பதா?

"ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா. கடலை வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு நடப்போம். சுத்திக்கிட்டு வேன்கிட்டயே வந்துடும்" என்றேன்.

நான் சொன்னதைவிடப் பெரிய கூத்து, மூன்று பேரில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை என்பதுதான். மாமா தலையை ஆட்டினார். "அதானே! நல்ல காரியத்துக்கு வந்துட்டு இடமாவா போறது?" அம்மா கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். மாமா அடிக்குரலில் "ஓம் நமச்சிவாய" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாகூட மறுபேச்சு பேசாமல் நடந்தார். பிறந்ததிலிருந்து வலமாகவே நடந்து பழகிய கால்கள், அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்று மணி வெயிலில் அந்தத் தரை கொதித்தது. நாங்கள் நால்வரும் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்து, ஏதோ காவடிக் கூட்டம் வருகிறது என்று ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். கொஞ்ச தூரத்தில் சாலை முடிந்தது. அப்புறம் படகுகள் வந்தன, வலைகள் வந்தன, காய்கிற கருவாடு வந்தது. வேன் வரவில்லை.

"ஏன்டி, மலை சுத்தற வழியில நடுவுல நடுவுல லிங்கம் வரும், சுக்குக் காப்பிக் கடை வரும். இங்க ஒண்ணுத்தையும் காணோமே?" என்றாள் அம்மா.

"வரும்மா. நட."

அந்த நேரம் பார்த்து வனிதா கூப்பிட்டாள். "அக்கா, போய்ச் சேந்துட்டீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கோம்டி."

"இன்னா, கடல் சத்தம் கேக்குது?"

"அவங்க ஊட்டுக்குப் போற வழி அப்படி" என்று சொல்லி போனை வைத்தேன். நாலு மணி ஆகப்போகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். சரி, மானம் போனால் போகட்டும் என்று ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"ஏழுமலை, எங்க இருக்கே?"

"உட்ட எடத்துலயே கீறேன்க்கா. நீங்க எங்க கீறீங்க?"

"கடல் பக்கத்துல."

"ஊரே கடல் பக்கத்துலதான்க்கா கீது!"

பக்கத்தில் ஒரு அம்மாள் மீன் கூடைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அஞ்சலை என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டது. பட்டுப்புடவையும் வெறுங்காலுமாக நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வந்தீங்க?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"கடலைச் சுத்திக்கினு வர்றதுன்னா மெட்ராஸ் தாண்டி, கல்கத்தா தாண்டி, பர்மா வரைக்கும் போவணுமேம்மா. ராத்திரி சோத்துக்குத் திரும்ப முடியாதே!"

அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மணலிலேயே குழி தோண்டிப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதும் அஞ்சலையின் முகம் மாறியது.

"டீச்சரம்மா ஊடா? அய்யய்யோ! நான் மீன் கொண்டாற கொஞ்சம் லேட் ஆனாலே அந்தம்மா வாங்காது. ஏறுங்க, ஏறுங்க! இதோ பக்கம்தான்."

வேனுக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்ததில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தோம், அது ஒன்றுதான் நல்ல காலம். ஏழுமலையை நேராக அங்கேயே வரச் சொல்லிவிட்டு, மீன் கூடைகளுக்கு நடுவில், ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக, சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினோம்.

வீட்டு வாசலில் பெரிய கோலம். வரவேற்கப் பத்துப் பதினைந்து பேர். எல்லோர் கண்ணும் எங்கள் காலைத்தான் பார்த்தன. வேன் வரவில்லை, தட்டு வரவில்லை. பிரபுவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏன் எல்லாரும் செருப்பில்லாம வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

மாமா முந்திக்கொண்டார். "வேண்டுதலுங்கம்மா. பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடியணும்னு நடந்தே வந்தோம்."

"அடடா!" என்று கூட்டம் உருகியது. ஒரு பாட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் முகத்தில் கொஞ்சம் பக்தியை வரவழைத்துக்கொண்டேன் (தப்பிச்சோம்டா சாமி). அப்போது பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் கணீரென்று வந்தது.

"இன்னா வேண்டுதலு? கடலைச் சுத்தி வரப் பாத்தாங்க டீச்சரம்மா! நான் மட்டும் இல்லன்னா இந்நேரம் மரக்காணம் தாண்டியிருப்பாங்க!"

சுவர்க் கடிகாரத்தில் நாலரைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அப்பாவைப் பார்த்தேன். வனிதா பயந்த சாக்கு கையில் கிடைத்துவிட்டது. "சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவர் திரும்பி நடந்தால் அவ்வளவுதான். என் தங்கை வாழ்க்கையை நானே கெடுத்ததாகிவிடும்.

அப்பா இரண்டடி முன்னால் வந்து கைகூப்பினார்.

"அந்தம்மா சொல்றதுதான் நெசம். வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊர்ல மலையைச் சுத்தினா கிளம்பின எடத்துக்கே வந்துடலாம். அதே நெனப்புல கடலோரம் நடந்துட்டோம். தட்டு வேன்ல இருக்குது. வேன் எங்க இருக்குதுன்னு தெரியல. வழியும் தெரியல. எம் பொண்ண இந்த ஊட்டுல குடுக்கணும், அது ஒண்ணுதான் இப்ப எனக்குத் தெரியுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதக்கணக்காக நாங்கள் கெஞ்சியும் வராத வார்த்தையை, கால் கொப்பளித்து, மீன் வாடையோடு, பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு சொல்கிறார் மனிதர். இவர் பெண் நான் என்று அன்றைக்குப் பட்ட பெருமையை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

பிரபுவின் அம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே பழைய தலைமையாசிரியை ஆகிவிட்டார்.

"பிரபு, பூஜை ரூம்ல இருந்து தட்டை எடு. ஃப்ரிட்ஜ்ல பூ இருக்கு. பழம் கொண்டா, வெத்தலை கொண்டா. சீக்கிரம்! சம்பந்தி, எங்க தட்டை வாங்கி எங்களுக்கே குடுங்க."

அப்பா வாங்கினார், கொடுத்தார். ராகு காலம் பிறப்பதற்குள் என் தங்கையின் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுத் தட்டிலேயே உறுதியானது. நாங்கள் கொண்டுபோன தட்டுகள் வந்து சேர்ந்து, ஆறு மணி வரைக்கும் வேனிலேயே உட்கார்ந்திருந்தன.

வனிதா அந்த வீட்டு மருமகளாகி இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து பிரபு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதற்குக் "கடல்வலம்" என்று பெயர் வைத்தான். எந்த விசேஷத்தில் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "இவங்கதான் வங்காள விரிகுடாவைச் சுத்தக் கிளம்பினவங்க" என்கிறான். நானும் விடுவதில்லை. "நான் அன்னிக்குச் சரியான வழியில கூட்டிட்டு வந்திருந்தா உனக்குப் பொண்ணே கெடைச்சிருக்காதுப்பா" என்பேன். உடனே சுற்றியிருப்பவர்கள் முழுக் கதையையும் சொல்லச் சொல்வார்கள். நானும் ரொட்டியிலிருந்து கருவாடு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொல்வேன். அவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா கைகூப்பிப் பேசிய இடம் வரும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை. பிரபுவின் அம்மா கண்ணாடியைத் துடைப்பார், வனிதா அப்பாவைத் தேடுவாள். அவரோ அதற்கு முன்பே, "உள்ள ஒரே புழுக்கமா இருக்குது" என்று எழுந்து வாசல் பக்கம் போயிருப்பார்.