இளமை ஏழு, அனுபவம் நான்கு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவியும் மகளும் சுகம். நான் வீட்டில் இருக்கிறேன். அதைச் சுகத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

"ஏன்டா வேலையை விட்டே?" என்று போனில் கேட்டாய். நான் விடவில்லை அக்கா, அதுதான் என்னை விட்டது. பத்தொன்பது வருஷம் அந்தக் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தேன். போன வருஷம் முழுக்க மூத்த மாணவர்களை இறக்கினேன். இடைவேளைக்கு மேல் மூச்சு வாங்கித் தோற்றார்கள். "இளரத்தம் வேணும் சார்" என்றார் முதல்வர். சரி என்று இந்த வருஷம் முதலாமாண்டுப் பிள்ளைகள் ஏழு பேர், கடைசி வருஷத்தார் நாலு பேர். அரையிறுதியில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள்தான் முன்னால். ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அப்போது பார், எங்கள் கோல்கீப்பர், பதினேழு வயசு, கோலை அம்போவென்று விட்டுவிட்டு எதிர்க்கோல் வரை ஓடினான். எதிரணிக்காரன் ஓங்கி உதைத்தான். பந்து எங்கள் காலிக் கோலை நோக்கி உருண்டு வந்தது. அவசரமே இல்லாமல், விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிற மாதிரி. வழியிலேயே நின்றான் எங்கள் கேப்டன், நாலு வருஷ அனுபவம். நின்று பார்த்தான். பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று, சமம். பிறகு வெற்றியைத் தீர்மானிக்கப் பெனால்டி. "சின்னப் பசங்க பதறுவாங்க, நாங்க அடிக்கிறோம் சார்" என்று மூத்தவர்கள் முன்வந்து, மூன்றை வேலிக்கு அப்பால் அடித்தார்கள். முடிந்தது.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. "ஏம்ப்பா ஓடினே?" என்றால் கோல்கீப்பர், "ஒரு வேகத்துல போய்ட்டேன் சார்" என்கிறான். "நீ ஏன் தடுக்கல?" என்றால் கேப்டன், "நாலு வருஷத்துல இப்படி ஒண்ணு பார்த்ததே இல்ல சார், என்ன பண்றதுன்னு யோசிச்சேன்" என்கிறான். ஒருத்தன் யோசிக்காம ஓடினான், இன்னொருத்தன் ஓடாம யோசிச்சான், நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். "தோல்விக்குக் காரணம் இளமையா, அனுபவமா? ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் குடுங்க" என்றார் முதல்வர். "இளமையே" என்று ஆணி அடித்த மாதிரி எழுதிக் கொடுத்தேன். கோல்கீப்பரை அணியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வாரம் எனக்கும் ஓலை வந்தது: வயசு அதிகமாம், அதோட, பெரிய போட்டி அனுபவமும் போதாதாம்! ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படிக்கா? என் இடத்தில் இப்போது வேதியியல் விரிவுரையாளர் விசில் ஊதுகிறார். அந்த மனுஷனுக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாக விளையாடட்டும், எந்த அணியிலும் மட்டும் சேர வேண்டாம்.

அன்புத் தம்பி

பி.கு.: கோல்கீப்பரை முன்னால் போகச் சொன்னது நான்தான். முதல்வர் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கோலாக முடித்தால் நம் பேர் நிற்குமே என்று கோட்டோரம் நின்று இரண்டு கையையும் வீசினேன். விசாரணையில் அந்தப் பையன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அத்தானிடம் சொல்லிவிடாதே.