வீட்டின் மேல் விழுந்த சிவப்புப் புள்ளி

குழாய் இணைப்புக் கேட்டு நடையாய் நடந்தேன். குடிநீர் அலுவலக ஆய்வாளர் தலையைச் சொறிந்தபடி, "பார்த்துச் செய்யுங்க" என்றார். அந்த நிமிடமே சபதம் எடுத்தேன். உயிரே போனாலும் லஞ்சம் கொடுக்க மாட்டேன்!

"உயிர் இருக்கட்டும். குடம் தூக்கித் தூக்கி என் இடுப்புதான் போகுது," என்றாள் மனைவி.

என் கைபேசியில் ஆயுதம் இருந்தது. லஞ்சம் கேட்பவர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் எழுதும் செயலி. எழுதினால் வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அலுவலக வாசலில் நின்று எழுதப் பயம். வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்து, போர்வைக்குள் புகுந்து வீரமாக எழுதினேன்: "இங்கே கவனித்தால்தான் வேலை நடக்கும்!"

கைபேசி எங்கே இருக்கிறதோ அங்கேதான் புள்ளி விழுமாம். என் வீட்டின் தலையிலேயே விழுந்தது.

அழிக்க முடியவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கூடத்துக்கும் வாசலுக்கும் அலைந்தேன். கைபேசியை எடுத்துப் பார்க்கும் போதெல்லாம், "எனக்கும் இதே அனுபவம்" என்று அழுத்தியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

"அடியே, மானம் போச்சு! யாரு இவங்கல்லாம்?"

"எனக்கென்ன தெரியும்? காலைத் தூக்குங்க, பெருக்கணும்."

மறுநாள் புள்ளியைத் தேடிக்கொண்டு லஞ்ச ஒழிப்பு விசாரணை அதிகாரியம்மா வந்தே விட்டார்.

"இந்த வீட்டுல லஞ்சம் வாங்கறது யாரு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"இவர்தாங்க. பல்பு மாத்தச் சொன்னா ஒரு காபி. ஒட்டடை அடிக்கச் சொன்னா ரெண்டு. அதுவும் முன்கூட்டியே!"

அதிகாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"வந்ததே வந்தீங்க, எங்க குழாய்க் கதையையும் கேளுங்க," என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேட்டவர் போனில் ஒரு வார்த்தைதான் பேசினார். சாயங்காலமே ஆய்வாளர் வியர்க்க விறுவிறுக்க வந்து இணைப்புக் கொடுத்து, கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

"பார்த்தியா என் சாமர்த்தியத்தை!"

"பத்துப் பேராவது அழுத்தினாத்தான் அதிகாரி நேர்ல வருவாங்களாம். நான்தான் ஆள் பிடிச்சு அழுத்த வெச்சேன். என் தங்கச்சி, எதிர்வீட்டம்மா, உங்க அக்கா..."

"அக்காவுமா?"

"அவங்கதான் முதல்ல."

"சரி, புள்ளியை எப்படி எடுக்கறது?"

"குழாய்க் கதையைச் சொன்னது நான்தானேன்னு அதிகாரியம்மா என் போனுக்குத்தான் அனுப்பியிருக்காங்க. குறை தீர்ந்துதுன்னு நான் அழுத்தினாப் போயிடும்."

"அழுத்தேன்!"

அவள் தொட்டி நிறையக் கிடந்த பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெல்லத் தலையைச் சொறிந்தாள்.

"பார்த்துச் செய்யுங்க."

சபதம் எடுத்த அதே வாயால், "சோப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.