கதவுக்குக் கட்டம் இல்லாத படிவம்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், என் சம்சாரம் என்னைவிடச் சௌக்கியம், வீடும் மிக நல்ல நிலைமையில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வரப்போகிற தொல்லையெல்லாம் அந்தக் கடைசிச் சௌக்கியத்தால் வந்ததுதான். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் உங்கள் மூக்குக்கண்ணாடியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீட்டு வரி ஏறிவிட்டது என்று நான் போனில் புலம்பியதற்கு நீங்கள் அனுப்பிய அறிவுரைக் கடிதம் கிடைத்தது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உளியைத் தூக்கியவன் நான். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு ஜன்னல் செய்திருக்கலாம். பொறுப்புள்ள குடிமகன் வரியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான், எழுந்து போய்க் கேள்வி கேட்பான் என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து உங்கள் வீட்டில் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்டதாகத் தகவல் இல்லை. ஆனாலும் சொன்னது நியாயமாகப் பட்டது. ஏறிய வரியைக் கட்டினால் பட்டறைக் கூரையை இந்த வருஷமும் மாற்ற முடியாது, பலகையெல்லாம் நனையும். அதனால் நீங்கள் சொன்னபடியே செய்வது என்று கிளம்பினேன்.

முதலில் அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கையில் அளவு நாடாவோடு பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணனிடம் போனேன். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இன்னமும் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் பிரேக்கைத் தேடும். உங்கள் வரி எவ்வளவு என்று கேட்டதும், ஏதோ சொல்லக்கூடாத வியாதியைக் கேட்டுவிட்ட மாதிரி கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூட்டிப்போனார். புது வீடு புகுந்தபோது எங்களை மாடிக்கும் கீழுக்கும் அலையவிட்டு ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிக் காட்டிப் பெருமையடித்த அதே மனுஷர், இப்போது, “இதெல்லாம் ஒரு வீடா தம்பி? மழைக்கு ஒதுங்குற இடம்” என்கிறார். தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பாட்டுதான். சுவர் ஓதம் என்கிறார்கள், தரை பள்ளம் என்கிறார்கள். நேற்றுவரை மாளிகைகள் நின்ற தெருவில் வரிச் சீட்டு வந்த மறுநாள் வெறும் குடிசைகள்தான் பாக்கி. இப்படி ஒரே ராத்திரியில் தெருவை இடித்துப்போடுகிற இயந்திரம் வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அடுத்தது, வீட்டின் குறைகளை எடுத்துச் சொல்லுங்கள் என்ற அறிவுரை. மாப்பிள்ளை, அங்கேதான் நீங்கள் ஆளை மறந்துவிட்டீர்கள். நான் தச்சன். என் முன்கதவுதான் என் கடையின் பெயர்ப் பலகை. வேலை கொடுக்க வருகிறவர்கள் முதலில் அந்தக் கதவைத் தடவிப் பார்ப்பார்கள், ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பார்கள், சத்தமில்லாமல் போய்ச் சட்டத்தில் உட்காருவதைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணத்தில் கையை வைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டை உதவாக்கரை என்று ஊரைக் கூட்டி நானே சொன்னால் நாளைக்கு எவன் எனக்குக் கட்டில் செய்யக் கொடுப்பான்? இருந்தாலும் பட்டறைக் கூரையை நினைத்துக்கொண்டு, கதவைத் தொடாமல் மற்றதை மட்டும் குறைசொல்வது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

வரி ஏறியதை எதிர்ப்பவர்களுக்காக நகராட்சி வைத்த ஆட்சேபக் கூட்டத்துக்குச் சம்சாரத்தையும் கூட்டிப்போனேன். நான் கோபப்பட்டால் கிள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று அவளே சொல்லிக் கிளம்பினாள். கூடத்தில் கூட்டமான கூட்டம், அதில் பாதிப்பேர் வீட்டில் என் கதவு, மீதிப்பேர் வீட்டில் என் பாக்கி. நான் உட்கார்ந்த பெஞ்சு ஆடியது. ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் என்னால் உட்கார முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று பேரை எழுப்பிவிட்டுக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தேன், கால் கையோடு வந்துவிட்டது. அந்த மூன்று பேரும் கடைசிவரை நின்றுகொண்டேதான் அரசாங்கத்தை எதிர்த்தார்கள்.

மேசைக்குப் பின்னால் மதிப்பீடு செய்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். சளி பிடித்த மூக்கு, சலிப்பே இல்லாத முகம். ஆளின் பெயரைச் சொல்லாமல் கதவு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் டிரைவர் அண்ணனின் முறை. அவர் எழுந்து, தன் வீட்டுக்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை விடிந்தால் அடைந்தால் அறுத்துக்கொண்டே இருக்கிறது என்றார். சரி, இரைச்சல் இரைச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். “அத்தனை அறுத்தும் உருப்படியா ஒண்ணும் வெளிய வந்த மாதிரி தெரியலைங்கம்மா” என்று ஒரு வால் சேர்த்தார்.

என் முறை வந்ததும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த குறைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே என் முன்கதவைப் பற்றி ஆரம்பித்தேன். மரத்தை எத்தனை வெயில் காயவைத்தேன், ஆணியே இல்லாமல் எப்படி இணைத்தேன், கீல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தில் பரப்பளவுக்கும் கூரைக்கும் முன்னால் இருக்கிற சாலையின் அகலத்துக்கும்தான் கட்டம் இருக்கிறது, கதவுக்குக் கட்டம் இல்லை என்றார்.

“கட்டமே இல்லையா? அப்ப வீட்டைப் பார்க்க வந்தப்ப உள்ள எப்படிங்கம்மா போனீங்க?”

“கதவு வழியாத்தான்.”

“எங்களைக் கூப்பிட்டதும் கதவு எண்ணை வச்சுத்தான். எண்ணுக்கு இடம் இருக்கு, கதவுக்கு இல்லையா?”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “கதவையும் சேர்த்தா வரி இன்னும் கூடும். பரவாயில்லையா?”

“கூடட்டும்” என்று சொல்லிவிட்டேன் மாப்பிள்ளை. ஆட்சேபத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாக அங்கேயே அறிவித்தேன். கூடமே சிரித்தது. கிள்ளு விழவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் சம்சாரம் இருந்த இடம் காலி.

வெளியே வரும்போது, வரிப் பணம் எங்கே போகிறது என்று அச்சடித்த தாள் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சாக்கடை, பள்ளிக்கூடம், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று இருந்தது. இத்தனை வருஷம் கட்டியிருக்கிறேன், அதில் என் காசு எது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. தெருத் தெருவாக நடந்தேன். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஓடத்தான் செய்கிறது. குப்பை வண்டிக்காரரிடம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன், அவர் என்னை மேலதிகாரி என்று நினைத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில் எங்கள் முனையில் நிற்கிற விளக்குக் கம்பம்தான் என்னுடையது என்று முடிவு செய்தேன். சாய்ந்துகொண்டு நின்றால் ஒரு உரிமை தெரிகிறது. டிரைவர் அண்ணனும் அதே கம்பத்தைக் கேட்கிறார். அவருக்கு அடுத்த கம்பத்தைக் கொடுத்திருக்கிறேன், அதில் விளக்கு எரிவதில்லை. அதைப் பற்றி மனு கொடுக்க அவரை வரும் வாரம் அழைத்துப் போகிறேன், கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கும் வரட்டும்.

ஆகவே உங்கள் அறிவுரையால் என் வரி குறையவில்லை, ஆனால் மரியாதை குறையாமல் தப்பித்தது. முழுத் தொகையையும் சிரித்த முகத்தோடு கட்டப் போகிறேன். பலகை நனைந்தால் நனையட்டும், கித்தான் போட்டு மூடிக்கொள்ளலாம். நீங்களும் தங்கச்சியும் குறைவில்லாமல் வாழவேண்டும், உங்கள் வீட்டின் மதிப்பு கூடவேண்டும், அது அதிகாரிகள் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. உறையில் போடுவதற்கு முன் சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, “எல்லாம் சரி. வீடு என் பேர்லதானே இருக்கு” என்றாள். மனை வாங்கியபோது அவள் பெயரில் பதிந்தது, கட்டிய மும்முரத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது. வரிச் சீட்டிலும் அவள் பெயர்தான் இருக்கிறதாம், நான் தொகையை மட்டும்தான் படிப்பேன். நான் கூடத்தில் கீலை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பக்கத்து மேசையில் தனியாக ஒரு ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சமையல்கட்டுப் பின்கதவு மழை பெய்தால் ஊதிக்கொள்கிறது, முழங்காலால் முட்டினால்தான் மூடுகிறது, அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று. மேலே நான் பின்கதவைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மிச்சப் பலகையில் செய்தது, பிறகு பார்க்கலாம் என்று விட்டது.

“ஊரே வந்து கதவு பார்க்கிற வீட்டைப் பத்தி இப்படியா எழுதுவே?” என்று கேட்டேன்.

“ஊரு முன்கதவைப் பார்க்குது. நான் பின்கதவைப் பார்க்கிறேன்.”

பிறகு அவளே சொன்னாள்: “குறைக்கு யார் காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதைக் காலியா விட்டுட்டேன்.”

வியாழக்கிழமை அந்த அம்மா பின்கதவைப் பார்க்க வருகிறார். அதற்குள் நான் அதைச் சரி செய்தால் சம்சாரம் அரசாங்கத்திடம் பொய் சொன்னவள் ஆவாள், செய்யாவிட்டால் தச்சன் வீட்டுக் கதவை ஒரு அதிகாரி முழங்காலால் முட்டிப் பார்ப்பார். பொறுப்புள்ள குடிமகன் என்ன செய்வான் என்று உடனே பதில் எழுதுங்கள். இருந்தாலும் அவசரமில்லை, ஏனென்றால் ஊதிக்கொண்ட கதவைச் சீவுகிற இழைப்புளியைக் காணவில்லை. சம்சாரத்தைக் கேட்டால், அந்த அம்மா வந்து போன பிறகு கிடைக்கும் என்கிறாள்.