லட்டோடு போன முன்பல்

வாயில் எல்லாப் பல்லும் இருக்கிறவரை யாருக்கும் பல்லின் நினைப்பே வராது. முன்பல் ஒன்று உடையட்டும், பிறகு உலகமே அந்தச் சந்து வழியாகத்தான் தெரியும்.

எனக்கு அது உடைந்தது, துபாய் ஓட்டல் ஒன்றின் வரவேற்பு வேலைக்குத் திருப்பதியில் நேர்முகம் வைத்த வாரம். (உடைத்தது கரும்பு. வீம்புக்குக் கடித்தேன்.) நகரியில் எங்கள் விசைத்தறி பாதி நாள் சும்மா கிடந்த காலம். இந்த வேலையும் போனால் வேறு வழியில்லை என்று நைனா என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"முழுக்க மெட்டல் கேப்னா பல்லைக் கொஞ்சமா தேய்ச்சா போதும். உள்ள மெட்டல், மேல பீங்கான்னா ரெண்டுக்கும் எடம் வேணும். நல்லா தேய்க்கணும்" என்றார் டாக்டர்.

"நம்மூட்டு எனாமல் தட்டு மாதிரியா சார்? அதையே போடுங்க. புள்ள சிரிக்கிற வேலைக்குப் போறான்."

தேய்த்து முடித்தபோது பல் இருந்த இடத்தில் ஒரு குச்சி நின்றது. டாக்டர் அச்சு எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அசல் வரும்வரை பிளாஸ்டிக் கேப் ஒன்றை ஒட்டி, "முன்பல்லால எதையும் கடிக்காதே" என்றார்.

நேர்முகத்தன்று, அது நடந்த திருப்பதி ஓட்டலின் வாசலில் காத்திருந்தேன். நைனா மலையிலிருந்து நேராக வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. என் வேலைக்காக முடி கொடுத்திருக்கிறார். நான் பேசுமுன்பே லட்டை வாயில் திணித்தார். கடித்தேன். கல்கண்டு. கேப் கழன்று லட்டோடு சுற்றியது. துப்பப் போனேன்.

"டேய், பிரசாதம்டா! கண்ணுல ஒத்திக்கினு துன்றது. துப்புவியா?"

"கேப்பு, நைனா..."

"கேப்பு என்னா கேப்பு! முயுங்குடா!"

விழுங்கினேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

கேள்விக்கெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டே பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர், "சிரிங்க, பாப்போம்" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் தாளில் 'வரவேற்பு' என்பதைப் பேனாவால் அடித்தார்.

"ஸ்டோர் ரூம்ல ஒரு எடம் இருக்கு. அங்க யாரையும் பாத்துச் சிரிக்க வேண்டியதில்லை. போறீங்களா?"

வெளியே நைனா, "கெடச்சுதாடா?" என்றார்.

"கெடச்சுது நைனா. சிரிக்காத வேலை."

துண்டால் தலையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீங்கான் பல் வந்து, அதை ஒட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே சம்பாதித்ததில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி வந்தது.

இன்றைக்கும் சொந்தத்தில் யாராவது மொட்டை போட்டு வந்தால் அம்மா விடுவதில்லை. "இதென்னா பெரிசு? எங்கூட்ல அப்பன் முடி குடுத்தாரு, புள்ள பல்லு குடுத்தான். சாமி பாத்தாரு, ஸ்டோர் ரூம் குடுத்தாரு."