ஈதர்நெட் பரணி

களத்தில் இருந்தோர்: இரவுப் பணி முடிந்தும் எழுந்து போகாத நாயகன், காலைப் பணிக்கு வந்த அக்கா, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குளிர்காற்று குடிகொண்ட அறையில், அலுவலகத்தின் கோப்புகளை எல்லாம் வயிற்றில் அடக்கிய ஸ்டோரேஜ் பெட்டி.

கல்லூரியைப் பாதியில் துறந்த கல்விக்கடலே, கண்வளையம் கறுத்த காவலனே, கொட்டாவி வேந்தே, வாழி நீ! இன்று காலை மகளின் ஆசிரியரைப் பார்க்கப் பள்ளிக்கு இந்த முறையாவது வருவேன் என்று மனைவியிடம் சூளுரைத்த நின் வாய்க்குப் பல்லாண்டு. பெட்டியில் கேபிள் நுழையும் துளையாம் ஈதர்நெட் போர்ட்டுக்கு, மற்றக் கணினிகள் அதைத் தேடி வரும் முகவரியைப் புதிதாய்ச் சூட்டும் ஒரே வேலைதான் மிச்சம்.

"உள்ள போய் கேபிளைச் செருகி, பெட்டி பக்கத்துல நின்னு செய் தம்பி. குளிர் ஒண்ணும் கடிக்காது" என்றாள் அக்கா.

குளிருக்கு அஞ்சுவதற்குத் திறமை என்று பெயர் வைத்திருந்த நாயகனோ, தன் பின்புறம் சூடேற்றிய நாற்காலியைச் சிம்மாசனமாகக் கொண்டு, "இருந்த இடத்திலிருந்தே முடிப்பேன்" என முழங்கினான். முழங்கி, நெட்வொர்க் வழியே பெட்டிக்குள் புகுந்து, எந்தப் போர்ட்டின் வழியாகப் புகுந்தானோ அதே போர்ட்டின் முகவரியை மாற்றும் கட்டளையை, நாணேற்றிய வில்லினின்று கணை தொடுப்பவன்போல், என்டர் தட்டி ஏவினான்.

அந்தோ, தான் நின்ற பாலத்தைத் தானே தகர்த்த தளபதியானான். பழைய முகவரி மாண்டது. புதியதோ, ஓர் இலக்கம் பிசகியதால், யாரும் எட்ட முடியாத தீவில் போய்க் குடியேறியது. கர்சர் கல்லாய்ச் சமைந்தது. கோப்பு திறக்கவில்லை என்று மேல்தளத்துத் தொலைபேசிகள் போர்முரசாய் அதிர்ந்தன. அக்கா சிரிக்கவில்லை, கேபிளை நீட்டினாள். அதற்கு அவள் சிரித்தே இருக்கலாம்.

பனிக்கோட்டை புகுந்த பராக்கிரமன், பற்கள் பறையடிக்க, விறைத்த விரல்களால் தட்டி, தப்பாய்த் தட்டி, அழித்து, மீண்டும் தட்டி, நெடும்போர் புரிந்த பின், போர்ட்டின் சிறு விளக்கு மரகதமாய்ச் சுடர்விட, வெற்றிச் செய்தியைத் திசையெட்டும் பரப்பத் துடித்து, முதலில் மனைவியை அழைத்தான்.

"நீங்க அவசரப்பட வேணாம். அப்பாவுக்கு வேலைன்னு அவளே டீச்சர்கிட்ட சொல்லிக்குவாளாம்" என்றபடி மனைவி பள்ளிக்குக் கிளம்பி மகளோடு வெளியே வந்து, வீட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.