மக்டலீன் சொன்ன மச்

குருநகர் அருட்பிரகாசத்தாருக்குத் தன் பெண்சாதி மேல் சந்தேகம் வந்தது ஒரு இங்கிலீசுச் சொல்லால். அவள் தமிழில் கதைத்திருந்தால் அவர் காதிலேயே போட்டிருக்கமாட்டார். கலியாணம் கட்டின நாள் தொட்டு அப்படித்தான்.

அன்றைக்குக் கந்தோரால் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தும்போது குசினிப் பக்கம் பேச்சுக் கேட்டது. மக்டலீன் பக்கத்து வீட்டுச் சிசிலியாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"மச் எல்லாம் சரி. அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் குழப்பிப்போடுவார்."

அருட்பிரகாசத்தார் சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போய்த் தடித்த அகராதியை எடுத்தார். கந்தோரில் இங்கிலீசுக் கடிதம் எழுத அவரை விட்டால் ஆள் இல்லை. அப்படிப்பட்டவரின் வீட்டுக்குள், அவருக்குத் தெரியாமல் ஒரு இங்கிலீசுச் சொல் நடமாடுவதா?

எம், ஏ, ரீ, சீ, எச் என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தால், அந்தச் சின்னச் சொல்லுக்குள் ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருந்தது. விளையாட்டுப் போட்டி. நெருப்புக்குச்சி. நிறப் பொருத்தம். சோடி. சம்பந்தம். ஈடு கொடுக்கக்கூடிய ஆள். கடைசிப் பொருளை அவர் உடனே தள்ளிவிட்டார். தனக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஆள் இந்த வீட்டில் இல்லை என்பது அவருடைய எண்ணம். மிச்சம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டியிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மக்டலீனிடம், என்னவோ மச் என்று கதைத்தது மாதிரிக் கேட்டதே என்று பட்டும் படாமலும் கேட்டார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மகள் அற்புதராணியின் நீலச் சாறிக்கு மச் பண்ணுகிற சட்டைத் துணியைக் கடை கடையாய்த் தேடிக் கடைசியில் சிசிலியாவிடமே கண்டுபிடித்ததாகச் சொல்லி, துணியையும் விரித்துக் காட்டினாள். துணிக்குத் தட்டுப்பாடான நேரத்தில் புதுச்சட்டையா என்று நீங்கள் கத்துவீர்கள், அதுதான் மறைத்தேன் என்றாள். நீலம் நீலமாகத்தான் இருந்தது. அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே சொல். இந்தமுறை, "மச் கைக்கு வந்திட்டுது, இனிப் பயமில்லை" என்றாள் மக்டலீன். சட்டை ஏற்கெனவே தைத்தாகிவிட்டது. அப்படியென்றால் கைக்கு வந்தது எது? அவர் நேரே குசினிக்குள் நுழைந்தார். மக்டலீன் அரிசி வாளிக்குள் கைவிட்டு ஒரு கட்டு நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டினாள். ஊரெல்லாம் ஒரு குச்சியை இரண்டாய்ப் பிளந்து பாவித்த காலம் அது. வெளியில் தெரிந்தால் கேட்டு வருவார்கள், நீங்களும் பெரிய மனிசன் மாதிரி அள்ளிக் கொடுத்துவிடுவீர்கள் என்றாள். அதுவும் உண்மைதான். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் சந்தேகம் படுத்தால்தானே. இனி மிஞ்சியிருந்தவற்றில் பெரியது சம்பந்தம். அதை நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"இஞ்சேரும், பிள்ளைக்குக் கலியாணம் ஏதும் பேசுறீரோ?"

"நீங்கள் வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் இந்த வீட்டிலை ஒரு கலியாணம் நடக்குமோ?" என்றாள் மக்டலீன்.

அந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அது ஒரு பதிலே இல்லை என்பது அப்போது படவில்லை.

சனிக்கிழமை அவளே பேச்சை எடுத்தாள். நாளைக்குப் பூசை முடிய மச் விசயமாகக் கதைக்கப் பாதர் வருகிறாராம். யாகோப்பும் பெண்சாதி பூரணமும் கூட வருகிறார்களாம். பழசை மறந்து நீங்கள் மனம் வைத்தால்தான் எல்லாம் நடக்கும் என்று பாதர் சொன்னாராம்.

யாகோப்பு என்ற பேரைக் கேட்டதும் அருட்பிரகாசத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்திய வருசப் பெருநாள் உதைபந்தாட்டத்துக்கு இவர்தான் விசில் ஊதின றெபறி. யாகோப்பின் மகன் சிமியோன் கோல்கீப்பர். அவன் பாய்ந்து பிடித்த பெனால்டியைச் செல்லாது என்று திரும்ப அடிக்கவைத்தார். அவனுடைய பக்கம் தோற்றது. இந்த றெபறியை முதலில் கண்ணாசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று யாகோப்பு கோயில் முற்றத்தில் நின்று சொன்னார். அதோடு சரி. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்திலும் இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஆக, இதுதான் விசயம். மன்னிப்புக் கேட்டு, திரும்ப றெபறியாய் வரச்சொல்லி அழைக்க வருகிறார்கள். இதற்குப் போய் மக்டலீனைச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தபடி விசிலைத் தேடியெடுத்து மினுக்கிவைத்தார்.

ஞாயிறு பாதர் நடுவில் இருந்தார். யாகோப்பு கதிரை நுனியில் இருந்தார். பாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மச்சுக்கு இரண்டு பக்கமும் சம்மதம்தானோ என்று கேட்டார்.

"என்ரை பக்கம் முழுச் சம்மதம், பாதர்," என்றார் அருட்பிரகாசத்தார்.

"எங்கடை பக்கமும் றெடி," என்றார் யாகோப்பு நிலத்தைப் பார்த்தபடி. "பொடியனுக்குச் சாப்பாடு நித்திரை இல்லை. இதே நினைப்புத்தான்."

எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. கோயிலடியில்தான், வேறெங்கே என்றார் அருட்பிரகாசத்தார். சாப்பாடு எந்தப் பக்கம் என்று பூரணம் மெல்லக் கேட்டாள். இரண்டு பக்கத்துக்கும் எங்கள் வீட்டிலேயே என்றார் தாராளமாக.

"ஒண்டு மட்டும். ஒருக்கால் தீர்ப்புச் சொன்னால் பிறகு ஒருத்தரும் மாத்திக் கேக்கக்கூடாது," என்றார் அருட்பிரகாசத்தார்.

"திருச்சபையும் அதைத்தானே சொல்லுது," என்று பாதர் மனம் விட்டுச் சிரித்தார். "அப்ப, வாற ஞாயிறு பூசையிலை சிமியோன்ரையும் அற்புதராணியின்ரையும் கலியாண அறிவித்தலை வாசிச்சிடுவம்."

அருட்பிரகாசத்தார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மக்டலீனைப் பார்த்தார். அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தார். நீலச் சாறியில் கதவடியில் தலை குனிந்து நின்றாள். சிரிப்பை அடக்கத் தெரியாத பிள்ளை. அந்த முகத்தைப் பார்த்து, இல்லை, நான் பந்தடியை நினைத்துச் சொன்னேன் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

"நல்லது, பாதர்," என்றார்.

எல்லாரும் எழும்பினார்கள். அருட்பிரகாசத்தார் வெளிப் படலை வரைக்கும் வழியனுப்பப் போனார். பாதரும் பூரணமும் முன்னே போய்விட, யாகோப்பு சைக்கிளைப் பிடித்தபடி தயங்கி நின்றார். கரியரில் ஒரு சீலைப்பை கட்டியிருந்தது. அதை மெல்ல அவிழ்த்தார். உள்ளே புதுப்பந்து, நிறையக் காற்றோடு.

"உங்களிட்டைக் குடுத்துச் சமாதானமாவம் எண்டு கொண்டுவந்தனான்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கும் வீட்டிலை மச் எண்டுதான் சொன்னவை."

இரண்டு சம்பந்திகளும் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் இருந்து மக்டலீனின் குரல் வந்தது.

"அதைத் திருப்பிக் குடுத்துவிடாதேங்கோ. பேரப்பிள்ளைக்கு உதவும்."