நாற்பது நொடி ரசிகர்

பாட்டுக் கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே சட்டை, செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது. அது பாட்டுக் கேட்காது. ஹெட்போனைக் கேட்கும்.

நம் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று, நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் சுண்ணாம்பால் வட்டம் போட்ட இடத்தில் தோண்டித் தண்ணீர் வராமல் இருந்ததில்லை. சக ஊழியர்கள் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டம் போட்டதும் அவர் வேலை முடிந்தது. தோண்டுவதும் அடைப்பதும் மூடுவதும் மற்றவர்கள் பாடு. அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். குறை எங்கே என்று தெரிந்த நிமிடமே பாட்டை நிறுத்திவிடுவார். அவர் காதுக்கு ஒரு பாட்டில் குறை கண்டுபிடிக்க நாற்பது நொடி போதும்.

போன மாதம் புது ஹெட்போன் வாங்கினார். வாங்குவதற்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்தார். ஒருவர் ஒலி கதகதப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் குளுமையாக இருக்கிறது என்றார். மூன்றாமவர் பெட்டி அழகாக இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். எதை நம்புவது? கடைக்காரரோ, பதினான்கு நாளைக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இந்த இனத்திடம் அப்படிச் சொல்லவே கூடாது. அன்றிலிருந்து வீட்டில் பரீட்சைக் காலம் தொடங்கியது.

முதல் இரண்டு நாள் ஹெட்போனை அவர் காதில் வைக்கவே இல்லை. புதுசு பழக வேண்டுமாம். சாப்பாட்டு மேசையில் வைத்து, அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, பட்டியல் போட்டு வைத்திருந்த பதினோரு பாட்டுகளையும் ஆளுக்கு நாற்பது நொடி விசாரித்தார். "கீழ் ஸ்தாயி கொஞ்சம் குழையுது" என்று நோட்டில் எழுதினார். மறுநாள் அதை அடித்துவிட்டு, "குழையவில்லை, தயங்குகிறது" என்று திருத்தினார்.

வீட்டுக்கு வந்த மைத்துனர் தலையில் அதை மாட்டிவிட்டு எதிரே குந்திக்கொண்டார்.

"வித்தியாசம் தெரியுதா மாப்ள?"

"தெரியுது மாமா."

"என்ன தெரியுது?"

"காது வலிக்குது."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"என்னதான் பாக்குறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"என் ரசனைக்கு ஒத்து வருதான்னு பாக்குறேன்."

"உங்க ரசனை என்ன?"

அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டித் தேட ஆரம்பித்தார்.

இனி அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். அவருடைய பதினைந்து வயது மகள் தானே எழுதி, தானே மெட்டமைத்து, சிநேகிதியின் கீபோர்டை இரவல் வாங்கி, ஒரு பாட்டுப் பதிவு செய்திருந்தாள். நான்கு நிமிடப் பாட்டு. ஹெட்போன் வந்த அன்றே அதை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். பாட்டின் கடைசியில் அவருக்கென்று ஒரு சேதி பேசி வைத்திருந்தாள். பதினான்கு நாளைக்குள் அப்பா அதை முழுதாகக் கேட்பாரா மாட்டாரா என்று அம்மாவுக்கும் மகளுக்கும் பந்தயம். அம்மா மாட்டார் என்ற கட்சி. மகள் கேட்பார் என்ற கட்சி. தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும். யாரும் அவரிடம் மூச்சு விடக்கூடாது.

காதுக்காரர் அந்தப் பாட்டையும் பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார். தினமும் கேட்டார். தினமும் நாற்பது நொடி.

"என் பாட்டு கேட்டீங்களாப்பா?" என்று ஒன்பதாம் நாள் மகள் கேட்டாள்.

"கேக்காம? வலது பக்கம் லேசா ஒரு இரைச்சல் இருக்கு. உன் சிநேகிதி வீட்டு ஃபேனா அது?"

"நம்ம வீட்டு ஃபேன்தான்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுக்களையில் அம்மா வெற்றிக் களிப்போடு ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்துத் தொட்டியில் போட்டார். அந்தப் பிள்ளைக்கு வருத்தம்தான். இருந்தாலும் கட்சி மாறவில்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டு முழுதாக ஒலிக்காமல் இல்லை. ஹெட்போன் பழகிய இரண்டு நாளில், போனில் இருந்த மற்ற பாட்டுகளோடு ஐம்பது தடவையாவது ஒலித்திருக்கும். கேட்டது சாப்பாட்டு மேசை.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. "நாங்க ரெண்டு பேரும் வெளிய போறோம்" என்று மதியமே மனைவி சொன்னார். "சரி சரி" என்றார் இவர். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. தீர்ப்பு எழுதும் மும்முரம். தீர்ப்பு இதுதான்: ரசனைக்கு ஒத்து வரவில்லை. ஹெட்போனைத் துடைத்து, வந்தபடியே பெட்டியில் அடக்கி, நாடா ஒட்டி, கடைக்குக் கிளம்பினார்.

கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களின் கூட்டம். எல்லாரும் அதே இனம். கையில் டோக்கன், மடியில் பெட்டி. இவருடையது நாற்பத்தேழு. நடந்துகொண்டிருந்ததோ முப்பத்தொன்று. நாற்பத்திரண்டு வரை சுவரைப் பார்த்தார். அதற்கு மேல் பொழுது போகவில்லை. ஹெட்போனோ பெட்டிக்குள். வேறு வழியில்லாமல் போனையே காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த பாட்டைப் போட்டார். மகளுடைய பாட்டு.

போனின் அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து வரும் ஒலியில் எங்கே குறை கண்டுபிடிப்பது? அதில் எல்லாமே குறை. கீழ் ஸ்தாயி கிடையாது, வலது இடது கிடையாது. நாற்பது நொடி ஆயிற்று. வட்டம் போட இடமே அகப்படவில்லை. ஐம்பதாவது நொடியில்தான் அவருக்கு வார்த்தைகள் காதில் விழுந்தன. பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் பழைய வண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தத்தை அவள் கண்டுபிடித்துவிடுவாளாம். பாட்டு முடிந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பா, இதுவரைக்கும் கேட்டுட்டீங்களா? பதினாலாம் நாள், சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்கூல் மேடையில இதைப் பாடறேன். முதல் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன். சும்மா கூப்பிட்டாலே வருவீங்க, தெரியும். கேட்டுட்டு வாங்க."

மணி மூன்று நாற்பது. "நாப்பத்தாறு" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார்.

"சார், அடுத்தது நீங்கதான். இன்னிக்கு விட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் கவுன்ட்டர் அம்மா.

"வேண்டாம்மா. வேற வேலை வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

முதல் வரிசையில் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பெட்டியும் கையுமாக மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மனைவி அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஒரு மாசம் பாத்திரம்" என்று முணுமுணுத்தார்; ஆனால் முகத்தில் தோற்ற களையே இல்லை. மேடையில் மைக் ஒரு தடவை கீச்சிட்டது. காதுக்காரரின் புருவம் மேலே போய், தானாகவே கீழே இறங்கியது. நான்கு நிமிடமும் கேட்டார்.

ஹெட்போன் இப்போது மகளிடம் இருக்கிறது. அவளுக்கு ஒத்து வருகிறதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் ஹெட்போனே கிடையாதே என்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் முணுமுணுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வரி தடையில்லாமல் வருகிறதல்லவா?

சரி, கடைசி வரி என்ன?